வேடந்தாங்கலும் திருவையாறும்



தொண்டை நாட்டில் நீர்நிலைகளுக்கு வழங்கும் பெயர்கள் பல. பெரியதை ஏரி என்பர். சிறியதைத் தாங்கல் என்பர். மழைநீரைத் தாங்கி நிற்பது தாங்கல். மதுராந்தகம் வட்டத்தில் அத்தகைய சிறு தாங்கல் ஒன்றின் கரையில் அமைந்த ஊர் வேடந்தாங்கல். வேடர்களின் தாங்கல் என்பது பெயரின் பொருள். ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர். ஏக்கர்க் கணக்கில் 75க்குச் சற்றுக் குறைவு. மதுராந்தகத்துப் பேரேரியைப் பார்த்து வந்தவர்க்கு இஃது ஒரு குட்டையாகவே தோன்றும். ஆயினும் ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் நிறைந்துவிட்டால், நீரிடையே நிற்கும் நீர்க்கடம்பு மரங்களின் மேல் இலை தெரியாதபடி பறவைகள் வந்து அமர்கின்றன. மாசி, பங்குனி வரை அந்தக் காட்சி நீடிக்கும்.

"காலையில் அச்சிறுபாக்கம் சென்று ஆட்சீசுவரரைத் தொழுதோம், மாலையில் வேடந்தாங்கல் போய்ப் பறவைகளை வேடிக்கை பார்த்தோம்" என்று கூறும் அன்பர்கள் பலரை யாம் அறிவோம். தொழுதது ஒன்று, பார்த்தது மற்றொன்று என்பது அவர்தம் எண்ணம். கோபுர வாயிலுக்கு உள்ளே இருக்கும் வரை சிவசிந்தனை. வாயிலைக் கடந்த பின் உலகம். இந்தப் பிரிவினை சரிதானா என்பதே நாம் இன்று ஆராய எடுத்துக்கொண்ட பொருள். ஆராய்ச்சிக்கு முதலில் நாம் செல்லவேண்டிய இடம் வேடந்தாங்கல் அன்று, காவிரிக்கரையிலுள்ள திருவையாறு.

திருநாவுக்கரசு நாயனார் முதுமையிலே திருக்கயிலைக் காட்சியை விரும்பி வடதிசை நோக்கிச் சென்ற வரலாறு அன்பர்கள் அறிந்ததே. கால் தேய்ந்தது, கையால் ஊன்றிச் சென்றார். கை தேய்ந்தது, மார்பினால் ஊர்ந்தார். அதுவும் இயலாதபோது புரண்டு சென்றார். இறைவன் முனிவர் வடிவிலே எதிர்ப்பட்டுத் திரும்பிப் போகுமாறு கூறினான். நாயனார் இசையவில்லை. அதன் பின்னரே, அங்கிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து கயிலைக் கோலத்தைக் காண்பாயாக என்ற திருவருள் கிடைத்தது. நாயனார் மூழ்கினார், ஐயாற்றுக் குளத்தில் எழுந்தார். ஆடி அமாவாசையன்று இன்றும் அவ்வூரில் இவ்விழா நடைபெறுகிறது.

எழுந்தவர் முதலிற் கண்டது எது? வெள்ளிப் பனிமலையா? பூதகணங்களா? பிரமனும் திருமாலும் நிற்கும் வாயிலா? அக்காட்சிகளெல்லாம் பின்னர் வருவன. கரையேறித் திருக்கோயிலை நோக்கி நடந்த வழியிலே அவர் கண்டவை பிடியோடு வரும் களிறு, பெட்டையோடு வரும் கோழிச் சேவல், குயில், மயில், கிளி, மான், பசுவைத் தழுவி வரும் எருது. இவ்வரிசையிலே நாரையும் இருக்கிறது. தன் பேடையோடு ஆடி வருகின்ற நாரையை நாயனார் கண்டார். கண்டு, அதைத் தம் திருப்பதிகத்திலே பாடியும் வைத்தார். இணை இணையாக வந்த அவ்வுயிர்களெல்லாம் அவருக்குச் சத்தியும் சிவமுமாகத் தோன்றின என்பது சேக்கிழார் பெருமான் தரும் விளக்கம்.

இந்த இடத்தில் சற்று நின்று எண்ண வேண்டும். நாயனார் தமிழ்நாடு முழுவதும் காலால் நடந்தவர். யானையை அதற்கு முன் பாராதவரா? பல்லவன் ஏவிய யானையே அவர் முன் வந்து வணங்கிச் சென்றதன்றோ? கோழி கூவாத ஊர் ஒன்றிலேனும் அவர் தங்கியிருப்பாரா? நாரையும் குயிலும் அவருக்குப் புதியன அல்ல. ஆயினும், இதுவரை கண்டறியாதவற்றைக் கண்டதாக அவரே கூறுகிறார். பொருள் பழையது, காட்சி புதியது. கயிலையைக் காணப் புறப்பட்டவருக்கு, அன்றாடம் கண்ட உலகத்தையே கயிலையாகக் காட்டினான் இறைவன். "அஃது அருளால் கிடைத்த காட்சி, நமக்கு ஏது?" என்று கேட்கலாம். அருளால் கிடைத்தது என்பது உண்மையே. ஆனால் அருள் காட்டத் தேர்ந்தெடுத்த பொருள்கள் கோழியும் நாரையும் அல்லவா? நாம் காண்பதும் அவற்றைத்தானே?

சைவ சித்தாந்தம் இவ்வுலகைப் பொய்த் தோற்றம் என்று தள்ளுவதில்லை என்பதை ஈண்டு நினைவுகூர்தல் வேண்டும். உடம்பு, கருவிகள், உலகம், நுகர்ச்சி என்னும் நான்கையும் நம் சாத்திரம் தனு, கரணம், புவனம், போகம் என்று வகுத்துரைக்கும். ஆணவ இருளிலே கிடக்கும் உயிர் விழித்தெழும் பொருட்டு இறைவன் கருணையால் மாயையினின்றும் இவற்றைத் தோற்றுவித்துத் தருகிறான். இருட்டறையில் உள்ளவனுக்கு ஒரு கைவிளக்கைத் தருவது போன்றது இது. சூரியன் உதித்த பின் விளக்கு வேண்டுவதில்லை. ஆனால் உதிக்குமுன் விளக்கை ஏசுபவன் அறிவுடையவன் ஆகான். கண்ணும் தாங்கலும் தாங்கலின் மேல் வந்திறங்கும் நாரையும் நமக்கு அவன் தந்த கைவிளக்குகள். நிலம், நீர், தீ, காற்று, வான், ஞாயிறு, திங்கள், உயிர் என அவனுக்கு எட்டு மூர்த்தங்கள் சொல்லப்படுவதும் இக்கருத்துப் பற்றியே. ஏரிக்கரையில் மாலைப்பொழுதில் நிற்பவன் அவ்வெட்டில் எதைத்தான் காணாதிருக்கிறான்?

இனி வேடந்தாங்கலுக்கு வருவோம்.

அங்கே கூடு கட்டும் பறவைகளுள் மிகுதியானவற்றுள் ஒன்று நத்தைகுத்தி நாரை. அதன் அலகின் நடுவிலே ஓர் இடைவெளி இருக்கும். மூடினாலும் முழுதும் மூடாது. பார்ப்பவர் ஊனம் என்று நினைப்பர். நத்தையைப் பற்றி ஓட்டிலிருந்து சதையை எடுத்துண்ண அமைந்த அலகு அது. கூழைக்கடாவுக்குக் கீழலகின் அடியிலே ஒரு பை. குஞ்சு தன் தலையைத் தாயின் வாய்க்குள்ளே நுழைத்து அதிலிருந்து உணவு கொள்ளும். சங்குவளை நாரை, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள்மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா என இன்னும் பல இனங்கள் ஒரே மரத்தில் மாடி மாடியாகக் குடியிருக்கின்றன.

இப்பறவைகளின் இல்லறத்தை நெடுநேரம் பார்த்திருப்பவர்க்கே அதன் அழகு விளங்கும். சேவல் சுள்ளி கொண்டு வருகிறது. பேடை அதனை வாங்கி இடமறிந்து செருகுகிறது. இரண்டும் மாறி மாறி அடைகாக்கின்றன. நத்தைகுத்தி நாரையின் முட்டை பொரிக்க ஏறத்தாழ 25 நாள் ஆகிறது. பொரித்த குஞ்சுக்கு இறகு இல்லை. தை மாதத்து நண்பகல் வெயிலும் அதற்குக் கொடிது. அப்பொழுது தாயோ தந்தையோ கூட்டின் விளிம்பில் நின்று, இரண்டு சிறகையும் குடைபோல விரித்து, வெயில் நகர நகரத் தானும் திரும்பி நிழல் தருகிறது. தன் முதுகு காய்வதை அது பொருட்படுத்துவதில்லை. திருமூலர் அன்பையும் சிவத்தையும் வேறாகக் காண்பவரை அறிவிலார் என்று கடிந்தது ஏன் என்பதை நூலாலே விளக்குவது எளிதன்று. அந்த விரித்த சிறகை ஒருகால் மணி பார்த்தால் விளங்கும்.

இடையே ஒரு தவறான எண்ணத்தையும் நீக்கிவிடுவோம். இங்குள்ள பறவைகள் யாவும் வெளிநாட்டிலிருந்து வந்து முட்டையிட்டுப் போகின்றன என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். அஃது அவ்வாறன்று. கூடு கட்டுபவை பெரும்பாலும் நம் நாட்டுப் பறவைகளே. வட ஆசியாவின் குளிருக்கு அஞ்சி வரும் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்றவை இங்கே விருந்தினர். உண்டு, இளைப்பாறி, வெயில் முதிருமுன் தம் நாடு சென்று அங்கேதான் குஞ்சு பொரிக்கும். ஆக, ஒரே தாங்கலில் இல்லறத்தாரும் இருக்கின்றனர். தலயாத்திரை வந்தவரும் இருக்கின்றனர். நம் திருவிழாக் கூட்டம் போலவே என்று சொன்னால் அன்பர்கள் சிரிப்பீர்கள்.

இத்தனை உயிர்களும் இங்கே அஞ்சாமல் இருப்பதற்குக் காரணம் அவ்வூர் உழவர்கள். இதனைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டுச் சீமை கும்பினியாரின் ஜாகீராக இருந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இவ்வேரிக்கு வந்து பறவைகளைச் சுட்டனர். ஊரார் அதைப் பொறுக்கவில்லை. அக்காலத்தில் கலெக்டராக இருந்த லியோனல் பிளேஸ் துரையிடம் முறையிட்டனர். ஏரியில் பறவைகளை யாரும் துன்புறுத்தலாகாது என்று ஊராரின் உரிமையை ஒப்புக்கொண்டு 1798ஆம் ஆண்டில் அவர் ஒரு கவுல் வழங்கினார். மதுராந்தகத்தில் ஏரி காத்த இராமர் வரலாற்றிலே பேசப்படும் கலெக்டர் இவரே. 1858ஆம் ஆண்டில் அக்காலத்துக் கலெக்டரும் பறவைகளைக் காக்க ஆணை பிறப்பித்தார். காட்டு விலங்குகளைக் காக்கும் சட்டங்கள் எவையும் இந்நாட்டில் இயற்றப்படாத காலம் அது. எழுத்தறியாத உழவர் பலர் இருந்த ஊர், துப்பாக்கி ஏந்திய அரசிடம் சென்று, தமக்காக அன்றி நாரைக்காக வழக்குரைத்தது. வேடர் பெயர் கொண்ட ஊரிலே இது நிகழ்ந்தது என்பதை எண்ணுந்தோறும் வியப்பு மிகுகிறது. காளத்தியிலே வில்லேந்திய வேடராகிய கண்ணப்பர் இறைவன் கண்ணில் குருதி கண்டு தாங்கமாட்டாது தம் கண்ணைத் தந்தார். வேட்டுவர் குடி என்பதற்காக அன்பு அங்கே பிறவாது என்று யார் சொல்ல முடியும்?

"அவர்கள் அன்பினாலா காத்தார்கள்? பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு நல்ல உரம். இலாபம் கருதிக் காத்தார்கள்" என்பார் உளர். உரமாவது உண்மைதான், அவ்வூரார் அதை மறைப்பதும் இல்லை. ஆனால் பயனும் அன்பும் ஒன்றாயிருத்தல் ஆகாது என்பது எந்த நூலின் முடிவு? மாமல்லபுரத்துக்குச் செல்லும் அன்பர்கள் கிருஷ்ண மண்டபத்துச் சிற்பத்தைக் காண வேண்டும். ஒருவன் பசுவின் மடியிலே பால் கறக்கிறான். அப்பசு தன் கன்றை நாவால் நக்குகிறது. பால் மனிதனுக்கு, வாஞ்சை கன்றுக்கு. பல்லவர் காலத்துச் சிற்பி இரண்டையும் ஒரே கல்லில் வைத்தான். ஒன்றை மறைத்து ஒன்றைக் காட்டவில்லை. பால் தருகிறது என்பதனால் நாம் பசுவின்பால் கொண்ட அன்பு பொய்யாகிவிடுமா? உழைத்துச் சோறு போடுகிறான் என்பதனால் மனைவி கணவன்மேல் வைத்த அன்பு வாணிகமாகிவிடுமா? இல்லறத்தின் அன்பு இப்படித்தான் கலந்தே இருக்கும். தூய அன்பு தனியே வரட்டும் என்று காத்திருப்பவன் எதையும் காணாமலே போவான். அதற்கு அருகிலே உள்ள பெரும்பாறைத் தவச் சிற்பத்தில், யானையின் காலடியில் நிற்கும் குட்டிகளையும், பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மானையும், தவக்கோலத்தில் நிற்கும் பூனையையும் செதுக்கினார்களே, ஏன்? பெருமான் எழுந்தருளும் இடத்தில் மானின் மூக்கு நமைச்சலுக்கும் இடம் உண்டு என்பதனால் அன்றோ?

இனி, கடினமான கேள்வி ஒன்று உண்டு. நாரை குஞ்சுக்கு நிழல் தருகிறது. ஆனால் மீனைக் கொல்கிறது. கூட்டிலிருந்து தவறிய குஞ்சு நீரில் விழுந்து சாகிறது. காவலற்ற முட்டையைக் காக்கை கொத்துகிறது. மழை பொய்த்த ஆண்டில் கூடுகளே இல்லை. அழகையும் அன்பையும் மட்டும் எடுத்துச் சொல்லிக் கொடுமையை விட்டுவிட்டால், அது பாதி உண்மையாகும். அன்பர்களே, சைவம் பறவையைக் கடவுள் என்று கூறவில்லை. பறவையும் நம்மைப் போல மலத்தாற் பிணிப்புண்ட உயிர்; வினைக்கேற்ற உடம்பு பெற்று வந்தது. அவ்வுயிருக்குள்ளும் உயிராய் நிற்பவனே கடவுள். பசிக்கு மீனைப் பிடிக்கும் அதே நாரைக்குள் குஞ்சுக்குக் குடை பிடிக்கும் கருணை எங்கிருந்து வந்தது என்பதே நாம் கேட்கவேண்டியது.

பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்தில் நாரைக்கு முத்தி கொடுத்த படலம் இதற்கு நல்ல விளக்கம். தான் வாழ்ந்த குளம் வற்றியதால் ஒரு நாரை வேற்றிடம் தேடிச் சென்றது. முனிவர் நீராடும் ஒரு பொய்கையை அடைந்தது. அம்முனிவர்மேல் படிந்து விளையாடும் மீன்களை உண்ண அதற்கு மனம் வரவில்லை. அவர்கள் வாயிலாக மதுரையின் பெருமையைக் கேட்டுப் பறந்து வந்து பொற்றாமரைக் குளத்தில் மூழ்கி வழிபட்டது. ஒருநாள் பசி மிகுந்தது, கண்ணெதிரே மீன். கொத்தப் போன அலகை அது அடக்கிக்கொண்டது. பெருமான் வெளிப்பட்டு என்ன வரம் வேண்டும் என்று வினவ, அது தனக்கு மட்டும் முத்தி கேட்டு நின்றுவிடவில்லை. தன் இனத்தார் இனி இங்கு வந்தால் மீனைத் தின்று பாவம் கொள்ளாதபடி, இக்குளத்தில் மீனே இல்லாதொழிய வேண்டும் என்று கேட்டது. வரும் தலைமுறைக்காகவும் கேட்ட நாரை அது! கோயிலில் நின்று தன் மகனுக்கு உத்தியோகம் கேட்கும் நாம் அந்த நாரையின் முன் சற்றே தலைகுனியத்தான் வேண்டும்.

இதே செங்கற்பட்டு வட்டாரத்தில் வேறொரு பறவை வரலாறும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நால்வரும் பாடிய திருக்கழுக்குன்றத்து மலைமேல் நண்பகலிலே இரண்டு கழுகுகள் வந்து, பண்டாரம் கையால் அளித்த சர்க்கரைப் பொங்கலை உண்டு சென்றன. சாபம் பெற்ற முனிவர்களே அவ்வடிவில் வருகின்றனர் என்பது தலபுராணம். நம் தலைமுறையினர் கண்ணாரக் கண்ட காட்சி அது. 1990களின் இறுதிக்குள் அவ்வருகை நின்றுவிட்டது. யுகம் முடிந்தது என்று சிலர் கூறி அமைந்தனர். ஆனால் அதே காலத்தில் இந்தியா முழுவதும் கழுகினங்கள் மாய்ந்தன என்பதையும் அறிதல் வேண்டும். டைக்ளோஃபினாக் என்னும் வலி நீக்கும் மருந்து மாடுகளுக்கு அளிக்கப்பட்டது. அம்மாடு இறந்த பின் அதன் உடலைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. காரணம் அறியப்பட்டு, கால்நடைக்கு அம்மருந்து வழங்குவதை அரசு 2006ஆம் ஆண்டில் தடை செய்தது. நினைத்துப் பாருங்கள்: மாட்டின் வலி தீரட்டும் என்று அன்பினாலே இட்ட மருந்து அது. அன்பு இருந்தது, அதன் விளைவு எதுவரை செல்லும் என்ற அறிவு இல்லை. இன்று கழுக்குன்றத்தில் வேதகிரீசர் இருக்கிறார்; சங்கு தீர்த்தம் இருக்கிறது; கழுகு இல்லை.

வேடந்தாங்கல் 1962ஆம் ஆண்டு முதல் சட்டப்படி சரணாலயம். 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியும் அதனுள் அடங்கியது. ஏரிக்கும் இரை மேயும் வயலுக்கும் உள்ள உறவை உணர்ந்த ஏற்பாடு அது. நாரை ஏரியில் உறங்கினும் உண்பது சுற்றுவட்டாரத்து வயலிலும் குளத்திலும் அல்லவா? 2020ஆம் ஆண்டில் அவ்வெல்லையைச் சுருக்கும் முன்மொழிவு ஒன்று எழுந்தபோது மக்கள் பலர் எதிர்த்துக் குரல் கொடுத்தனர். 2022இல் வேடந்தாங்கலும் அதன் அண்மையிலுள்ள கரிக்கிலியும் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய நீர்நிலங்களாக அறிவிக்கப்பட்டன. நல்லதே. ஆயினும் கவுலுக்கு முன்னும் ஏரி இருந்தது; அதைக் காத்தவர்களும் இருந்தார்கள்.

நம் திருக்கோயில்களைப் பற்றியும் ஒரு சொல். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி என்னும் பறவை ஏரி உண்டு. அப்பெயரிலும் வேட்டம் என்ற சொல் ஒலிக்கிறது. அதன் கரையிலுள்ள கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பறவைகள் வெருளும் என்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. குழந்தைகளும் அதற்கு உடன்படுகிறார்கள். நாமோ திருவிழாவில் அதிர்வேட்டு இல்லையேல் விழா சிறக்கவில்லை என்கிறோம். கோபுரத்து மாடத்தில் கூடு கட்டிய கிளியும் புறாவும் அந்நேரம் எங்கே போகின்றன என்று அண்ணாந்து பார்ப்பதில்லை. தலவிருட்சத்தைச் சுற்றி வேர் மூச்சுவிட இடமின்றிச் சிமெண்டு பூசிவிட்டு, அம்மரத்துக்கே பட்டு சாத்துகிறோம். திருக்குளத்துக்கு நீர் வரும் கால்வாயை அடைத்துவிட்டுத் தெப்பத்துக்கு லாரியில் தண்ணீர் கொணர்கிறோம். இவற்றைக் குறையாகச் சொல்லவில்லை. திருப்பணிக் குழுவினர் மனம் வைத்தால் ஓராண்டில் திருத்தக் கூடியவை என்பதனாலே சொல்கிறோம்.

அழகைக் காண வேடந்தாங்கல் வரைதான் போகவேண்டும் என்பதும் இல்லை. சத்திமுத்தப் புலவர் வறுமையால் ஊர்விட்டு வந்து மதுரையிலே குளிரில் நடுங்கியபோது, வானில் பறந்த நாரையை அழைத்துத் தம் மனைவிக்குத் தூது சொன்னார். அவர் சொல்லி அனுப்பியது மாளிகையைப் பற்றி அன்று; நனைந்த சுவரில் பல்லி ஒலிப்பதைக் கேட்டுத் தம் வருகைக்குக் குறி பார்த்திருக்கும் ஓர் ஏழை மனைவியைப் பற்றி. அந்தச் சத்திமுத்தம் அப்பரடிகள் பாடிய தலம். வாசலிலே அரிசிமாக் கோலமிட்டு எறும்புக்கு விருந்து வைக்கும் தாய்மார்களும், சோற்றைக் காக்கைக்கு வைத்த பின்னரே தாம் உண்ணும் மூதாட்டியரும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் அதை வழிபாடு என்று பெயரிட்டுச் சொல்வதும் இல்லை.

வேடந்தாங்கல் செல்லும் அன்பர்கள் கார்த்திகைக்கும் மாசிக்கும் இடையே, கூடுமானால் பிற்பகல் நான்கு மணிக்குமேல் செல்லுங்கள். வண்ண ஆடையைத் தவிருங்கள். வானொலியும் பாட்டும் வேண்டா. கரைமேல் ஓரிடத்தில் அமர்ந்து ஒரு கூட்டை மட்டும் பாருங்கள். எல்லாக் கூட்டையும் பார்க்க முயல வேண்டா. கதிர் சாயும் வேளையில் இரைதேடிப் போனவை வரிசை வரிசையாக மேற்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் திரும்பும். ஆயிரம் கூடுகளுள் தன் கூட்டைத் தவறாது கண்டு ஒவ்வொன்றும் இறங்கும். கூட்டிலிருந்த துணை கழுத்தை உயர்த்தும். அலகோடு அலகு தட்டும் ஓசை கரை வரை கேட்கும். அதன் பின் காலையில் காவல் நின்றது எழுந்து பறக்கும். வந்தது குஞ்சின் அருகே நிற்கும்.

திருச்சிற்றம்பலம்